முன்னறையில் ஒன்பது மிளகாய்ச் செடிகள்

"இன்று முதல் என் நாக்குக்கு நானே எசமான்!"

இப்படி நான் உரக்க முழங்கியது ஆவணி மாதம் பத்தாம் தேதி, காலை ஏழு மணிக்கு. முழங்கிய இடம் எங்கள் வீட்டு முன்னறை. கேட்டவர் எவருமில்லை. என் மனைவி வடிவம்மா கிணற்றடியில் இருந்தாள். அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று ஜன்னல் வழியாக இரண்டு தடவை பார்த்துக்கொண்ட பிறகுதான் முழங்கினேன்.

எனக்கு அறுபத்தொரு வயது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணிப் பெயர் பதிவதே என் வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒரு தலை குறைந்தாலும் மூடுபனிக்குள் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவேன். இப்போது ஓய்வு. பிள்ளைகள் மூவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பதுளை டவுனில் ஒரு வாடகை வீடு. எண்ணுவதற்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு தலை. அதுவும் என்னைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை பன்னிரண்டாம் தேதி எனக்கு வயிற்றெரிச்சல் வந்தது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "ஒரு மண்டலம் மிளகாய் ஆகாது" என்றார். ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். என் முன்னால், என் காதுபடச் சொன்னார். வடிவம்மாவும் கேட்டாள். ஆனால் ஆவணி பத்தாம் தேதி நூற்றிருபத்து நான்காம் நாள். வைத்தியர் கணக்குக்கு மேல் எழுபத்தாறு நாள். எழுபத்தாறு நாளும் வெள்ளைக் குழம்பு, வெள்ளைப் பொரியல், வெள்ளைச் சம்பல். மிளகு மட்டும் ஒரு நாளைக்கு நான்கு. அதிலும் ஒன்று பெரும்பாலும் சொத்தையாக இருக்கும்.

"மண்டலம் முடிஞ்சு போச்சே வடிவு?" என்று ஆனி மாதமே கேட்டுப் பார்த்தேன்.

"முடிஞ்சுது. அதுக்கென்ன?"

"இல்ல, வைத்தியர் நாப்பத்தெட்டு நாள்னுதானே..."

"ராத்திரியெல்லாம் வவுத்தைப் புடிச்சுக்கிட்டு 'வடிவு, வடிவு'ன்னு கத்தினது வைத்தியரா, நீங்களா?"

"நான்தான்."

"கேட்டுக்கிட்டு முழிச்சிருந்தது வைத்தியரா, நானா?"

"நீதான்."

"அப்ப மண்டலம் எத்தனை நாள்னு யாரு சொல்லணும்?"

இதில் பெரிய இடைஞ்சல் என்னவென்றால், அவளும் மிளகாய் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் மட்டும் தின்றிருந்தால் சண்டைக்கு ஒரு முனை கிடைத்திருக்கும். மிளகாய்ப் பானையை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னோடு சேர்ந்து அவளும் வெள்ளைக் குழம்பையே சாப்பிட்டாள். இப்படிப்பட்ட மனுஷியோடு எப்படிச் சண்டை போடுவது?

அதனால்தான் ஆவணி பத்தாம் தேதி முழங்கினேன். முழங்கிய சூட்டோடு பக்கத்து மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இப்றாஹீம் நானா என் வயதுக்காரர். சீட்டு, அரசியல் என்று எல்லாம் பேசுவோம்.

"நானா, கால் இறாத்தல் செத்தல் மிளகாய்."

நானா தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தர ஏலாது கணக்கப்பிள்ளை. அம்மா சொல்லிட்டுப் போயிருக்கிறாங்க."

"என்ன சொன்னா?"

"ஒங்களுக்கு ஒரு மிளகாய் வித்தாலும் இனி இந்தக் கடையில உப்புக்கூட வாங்க மாட்டாங்களாம்."

"நீங்க ஆம்பிளை இல்லையா நானா?"

"நான் ஆம்பிளை. ஆனா கடைக்காரன்."

பசார் வீதியில் இன்னும் ஆறு கடைகள். ஆறிலும் ஏறி இறங்கினேன். ஆறிலும் இதே பதில். கடைசிக் கடைக்காரர் எனக்கு ஒரு கற்கண்டு கொடுத்து அனுப்பினார். சந்தையில் பச்சை மிளகாய் குவிந்து கிடக்கும். ஆனால் சந்தைக்கு நான் தனியாகப் போன சரித்திரமே கிடையாது.

வேறு வழியில்லை என்று நினைத்திருந்தபோது தெய்வம் ஒரு மிளகாயை அனுப்பியது.

ஆவணி பதின்மூன்று. பழைய தோட்டத்து ஆள் ஒருவர் வழியில் பார்த்து, "மெலிஞ்சாலும் களையா இருக்கீங்க அய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் எனக்கு விக்கல் எடுத்தது. நாற்பத்து மூன்று விக்கல். வடிவம்மா உடனே என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தாள். அலமாரியைத் திறந்து காய்ந்த செத்தல் மிளகாய் மூன்று, ஒரு பிடி உப்பு, கடுகு எடுத்து என் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் எறிந்தாள். இரண்டு மிளகாய் நெருப்பில் விழுந்தன. மூன்றாவது அடுப்புக் கல்லில் பட்டுத் தெறித்து விறகுக்குப் பின்னால் ஒதுங்கியது. அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எண்ணிப் பழகிய கண்.

அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். தின்றுவிடத்தான் நினைத்தேன். அப்போதுதான் எனக்குள்ளிருந்த கணக்கப்பிள்ளை விழித்துக்கொண்டான். தின்றால் ஒரு மிளகாய். விதைத்தால்? பிரித்து எண்ணினேன். அறுபத்து மூன்று விதை.

முற்றத்தில் நட முடியாது. முற்றம் வடிவம்மாவின் ராஜ்யம். அங்கே அவளுடைய பதினொரு கோழிகள் போலீஸ் உத்தியோகம் பார்க்கின்றன. போதாததற்கு ஐப்பசி பிறந்தால் பதுளையில் மழை விடாது. அதனால் வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதென்று தீர்மானித்தேன். எங்கள் முன்னறையில் கிழக்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அந்த அறைதான் என் அறை. என் நாற்காலி, என் கோட்டு, என் குடை மூன்றும் அங்கேதான் இருக்கின்றன.

ஒன்பது தொட்டிகள் சேர்த்தேன். நான்கு மண்ணெண்ணெய்த் தகரம், மூன்று ஓரம் உடைந்த சட்டி, ஓட்டை வாளி ஒன்று, துரை பங்களா ஏலத்தில் எடுத்த பெரிய பீங்கான் பாத்திரம் ஒன்று. அதைத் துரை கட்டிலுக்கடியில் எதற்கு வைத்திருந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. முளைத்த நாற்று நாற்பத்தொன்று. அதில் திடமான ஒன்பதைப் பொறுக்கி நட்டேன்.

அன்று வடிவம்மா வாசலில் வந்து நின்றாள். தொட்டிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "மிளகாய்ச் செடி. இது என் அறை. செடி என் செடி. காய்க்கப்போறது என் காய். தின்னப்போறது என் நாக்கு. இதுல ஒருத்தரும் தலையிட முடியாது!"

"சரிங்க" என்றாள்.

இவ்வளவுதான். எனக்கே நம்பிக்கை வரவில்லை. முதல் வெற்றி!

திரும்பிப் போனவள் விளக்குமாற்றோடு வந்தாள். அதைச் சுவரில் சாத்தினாள். "ஒங்க அறைன்னு சொல்லிட்டீங்க. இனிமே நான் உள்ள வந்து கூட்டுனா தலையிட்ட மாதிரி ஆயிரும். மண்ணு சிந்துது பாருங்க. வெள்ளிக்கிழமை சாணி மெழுகணும், மறந்துறாதீங்க."

நியாயம்தானே? உரிமை வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டத்தான் வேண்டும். கூட்டினேன். மெழுகினேன். குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு ஒரு பக்கம் நின்றுவிட்டது. ஆனால் அது சுதந்திரமான இடுப்பு.

தினமும் காலையில் செடிகளுக்குப் பெரட்டு எடுத்தேன். ஒன்றாம் தகரம், இலை பதினாறு. இரண்டாம் தகரம், பதினான்கு. பீங்கான், இருபத்து மூன்று. துரை வீட்டுப் பாத்திரமல்லவா, அதில் நின்ற செடிக்கு மட்டும் தனிச் செழிப்பு. வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத் தொட்டிகளைத் திருப்பி வைத்தேன். இலைக்கடியில் பேன் வந்தபோது சாம்பல் தூவினேன்.

கார்த்திகையில் பூ வந்தது. வந்த பூ நிற்கவில்லை. ஒன்பதாம் தேதிக் கணக்குப்படி பூத்தது இருபத்திரண்டு, உதிர்ந்தது பத்தொன்பது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வெள்ளைச் சோறு எப்படியும் இறங்காதுதான். இருந்தாலும் நானாவிடம் ஓடினேன்.

"வீட்டுக்குள்ள காத்து வருதா?" என்று கேட்டார்.

"ஜன்னலை மூடித்தான் வச்சிருக்கேன். குளிர் ஆகாதே."

"தேனீ வருதா?"

"அது எப்படி வரும்?"

"பொறகு எப்படிக் காய்க்கும்? தேனீ செய்ற வேலையை ஒருத்தன் செய்யணும். ஒரு கோழி இறகை எடுங்க. ஒவ்வொரு பூவுக்குள்ளேயும் மெதுவா ஒரு தடவு தடவி, அதையே அடுத்த பூவுல தடவுங்க. இனிமே ஒங்க வீட்டுக்கு நீங்கதான் தேனீ."

பொதுவாக நான் கூச்சக்காரன். ஆனால் மிளகாய்க்காகத் தேனீ ஆவதில் என்ன கூச்சம்? தினமும் பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடி போட்டு, இறகைப் பிடித்துப் பூப்பூவாகப் போனேன். மூன்றாம் நாள் கதவு திறந்தது. வடிவம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்றீங்க?"

"வேலையா இருக்கேன்."

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல. இப்ப பூவுக்குப் பூ போயி கன்னத்தைத் தடவிக்கிட்டிருக்கீங்க."

"இது கன்னமில்ல வடிவு, மகரந்தம்..."

"பேரு வேற வச்சாச்சா!"

போய்விட்டாள். ஆனால் காய் பிடித்தது! ஒரு வாரத்தில் பதினேழு பிஞ்சு. இரண்டாம் வெற்றி!

அடுத்த எதிரி குளிர். மார்கழிப் பனியில் கண்ணாடி ஜன்னல் ஐஸாக ஆகிவிட்டது. ஓரத்தில் நின்ற இரண்டு செடிகள் தலை தொங்கின. சூடு இருக்கும் இடம் வீட்டில் ஒன்றே ஒன்று. அடுப்படி. அது முற்றத்தைவிடப் பெரிய ராஜ்யம். போய் நின்றேன்.

"பொழுது சாய்ஞ்சதும் செடியை இங்க வச்சு, வெயில் வந்ததும் எடுத்துக்கிறேன். இது என் உத்தரவு" என்றேன். கடைசி மூன்று சொல்லையும் கொஞ்சம் மெல்லத்தான் சொன்னேன்.

"தாராளமா வையுங்க. ஆனா விடியக்காலையில அடுப்பு அணைஞ்சிருக்கும். அப்பத்தான் பனி கூட. செடி வெறைச்சுப் போயிருமே?"

"அப்ப என்ன செய்றது?"

"யாராச்சும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மூட்டணும்" என்று சொல்லிவிட்டு அவள் கூரையைப் பார்த்தாள்.

மூட்டினேன். பெரட்டுக்கு எழுந்த பழக்கம் எனக்கு உண்டு. மூட்டிய அடுப்பு சும்மா எரிவானேன் என்று கேத்தலை வைத்தேன். கொதித்த தண்ணீர் வீணாவானேன் என்று தேயிலை போட்டேன். ஊற்றிய தேத்தண்ணி ஆறிப்போவானேன் என்று ஒரு கோப்பையை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாயில் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தாள்.

"சீனி கொஞ்சம் கூட" என்றாள்.

செடிகள் பிழைத்தன. மூன்றாம் வெற்றி!

தை பிறந்தது. காய்கள் பழுத்தன. ஒன்பது செடியிலும் சேர்த்து எண்பத்தேழு காய். மாணிக்கம் போல எண்பத்தேழு. நான்கு மாதத்தில் நான் இளைத்தேனே தவிர செடிகள் இளைக்கவில்லை. ஏழு காய் பறித்து, ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போய் வடிவம்மா முன்னால் நீட்டினேன்.

"இந்தா. இன்னைக்குச் சம்பல் இதுலதான். அரை!"

கை நீட்டப் போனவள் நிறுத்தினாள்.

"நல்ல காய்தான். வெதை ஏது ஒங்களுக்கு? கடைக்காரங்கதான் தரமாட்டாங்களே."

கணக்கைக் கேட்டால் நான் மறைத்ததில்லை. தேதியோடு சொன்னேன். "ஆவணி பதின்மூணு. எனக்கு நீ சுத்திப் போட்டதுல ஒண்ணு அடுப்புல விழாம வெளியில தெறிச்சுது."

வடிவம்மா இரண்டு அடி பின்னால் போனாள்.

"சிவ சிவா! கண்ணேறு கழிச்ச மொளகாயையா நட்டு வளத்தீங்க?"

அதை நான் யோசிக்கவேயில்லை. சுற்றிப் போட்டதை மனிதர் தொடுவார்களா? நாய்கூட முகராது. நான் அதை முளைக்க வைத்து, சாம்பல் தூவி, இறகால் தடவி, எண்பத்தேழாகப் பெருக்கியிருக்கிறேன். ஒரு கண்ணேறு எண்பத்தேழு கண்ணேறாகத் தொங்குகிறது.

"அப்ப... தூக்கி எறிஞ்சிரணுமா?" என்று கேட்டேன்.

அவள் எட்டி நின்றபடியே காய்களைப் பார்த்தாள். "எறிய வேணாம். ஒங்க மேல பட்ட கண்ணு. அது ஒங்ககிட்டயே திரும்பி வந்தா தோஷமில்ல. பழகுன கண்ணுதானே. ஆனா வேற யாரும் தொடக்கூடாது. தொட்டா அவங்களுக்கு ஒட்டிக்கிரும். அதனால நீங்களே பறிக்கணும், நீங்களே அரைக்கணும், நீங்களே ஆக்கணும். தனிச் சட்டி. சட்டியையும் நீங்களேதான் கழுவணும்."

இப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று நானாவைக் கேட்டேன்.

"எங்கட பக்கம் இல்ல. ஒங்கட பக்கம், அம்மா சொன்னா இருக்கும்" என்றார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எண்பத்தேழு காயும் எனக்கே எனக்கு என்று சாஸ்திரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைவிடப் பெரிய வெற்றி ஒருவனுக்கு வாய்க்குமா? அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஏழு மிளகாய், உப்பு, தேங்காய், ஒரு துண்டு எலுமிச்சை. அரைத்தேன். வேர்த்தது. துடைத்தேன். துடைத்தது மிளகாய்க் கை. துடைத்த இடம் கண். அதன் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று கணக்கில்லை. கண் திறந்தபோது வடிவம்மா தண்ணீர்ச் செம்போடு எட்டியே நின்றுகொண்டிருந்தாள். தொடக்கூடாதல்லவா?

சோறும் சம்பலும் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தேன்.

ஆகா! நெற்றி, காது, உச்சந்தலை என்று மூலை முடுக்கெல்லாம் விளக்கேற்றியது போல் இருந்தது. "ஸ்ஸ்ஸ்" என்றேன். அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை "ஸ்ஸ்ஸ்!" என்றேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"மனுசன் திங்கிற சோறு!" என்றேன்.

"நீங்க காரத்துக்கு வந்தாச்சு. நான் மட்டும் எதுக்குப் பத்தியம்?" என்று அலமாரியைத் திறந்தாள். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் தனக்கு மட்டும் ஒரு மிளகாய்க் குழம்பு வைத்துக்கொண்டாள். அவள் வழி அவளுக்கு, என் வழி எனக்கு. ஒரே வீட்டில் இரண்டு உலை. நான் நிமிர்ந்து நடந்தேன்.

மூன்று மணி நேரம் நடந்தேன். அப்புறம் நடக்க முடியவில்லை.

எரிச்சல் தொப்புளில் ஆரம்பித்தது. அங்கிருந்து மேலே ஏறியது. பழைய வழிதான், நன்றாகத் தெரிந்த வழி. ஆனால் "வடிவு" என்று கூப்பிட முடியுமா? கூப்பிட்டால் நான்கு மாதப் போராட்டம் என்னாவது? உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். மறுநாள் ஐந்து மிளகாய் போட்டேன். அதற்கடுத்த நாள் மூன்று. நான்காம் நாள் ஒன்று. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை.

தோற்றேன் என்று நினைக்காதீர்கள். ஒருவன் மிளகாய் போடாமலே காரம் தின்ன முடியும். அதற்குத் தைரியம் வேண்டும். தினமும் அவள் பார்க்கும்படி ஏழு காய் பறிப்பேன். அம்மியடிக்குப் போனதும் ஏழையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வேன். வெறும் தேங்காயும் உப்பும் அரைப்பேன். கண்ணில் நீர் வர வெங்காயம் உரிப்பேன். பிறகு உட்கார்ந்து, கவளத்துக்கு ஒரு "ஸ்ஸ்ஸ்" வீதம் சாப்பிடுவேன். செடியில் கணக்குச் சரியாகக் குறைந்தது. வயிறும் அடங்கியது. மானமும் நின்றது. ஆறு நாள் இப்படி ஓடியது. சமையலும் கைக்குப் பழகிவிட்டது. கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். பருப்பு வைத்தேன். ஒரு நாள் ரசம்கூட வைத்தேன்.

ஆறாம் நாள் சமையலை முடித்துக் குளித்துவிட்டு வந்து பார்த்தால், வடிவம்மா என் சட்டியைத் திறந்து பால்கறியை உள்ளங்கையில் விட்டு நக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ வடிவு! தொடாதே! ஒனக்குக் கண்ணேறு ஒட்டிக்கும்!"

"மொளகா இருந்தாத்தானே ஒட்டும்?"

"இருக்கே! ஏழு காய் அரைச்சுப் போட்டிருக்கேன்!"

"ஏழில்ல, நாப்பத்திரண்டு. அத்தனையும் ஒங்க கோட்டுப் பையில இருந்துச்சு. நீங்க குளிக்கப் போனப்ப கோட்டைத் தோய்க்கப் போட்டேன். கையெல்லாம் எரியுது."

ஏழாறு நாற்பத்திரண்டு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் தலை குனிந்து நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இன்னொரு தரம் பால்கறியை எடுத்து ருசி பார்த்தாள். கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். அப்புறம் தன் தட்டைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காரமில்லாமத்தாங்க ஒங்க கைக்குச் சமையல் நல்லா வருது. நாளையிலேருந்து எனக்கும் சேத்து உலை வையுங்க. மொளகாயை நான் தனியாக் கடிச்சுக்கிறேன்."